சில்லு இறக்கிய நிலை

தம்பி மிலானிலிருந்து அனுப்பிய பெட்டிக்குள்
நாற்பத்தொரு துண்டுகள்,
சாம்பல் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி,
மீன்முள் மாதிரி.
எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று போட்டிருக்கிறது.
அந்தக் கணக்கில் நான்
இரண்டேகால் சென்ரிமீற்றர் உயரம்.
எங்கள் பங்கர் ஒரு நெருப்புப்பெட்டி.

கல்லடியில், பல் செட் செய்யும் கடையின் பின்னறையில்
இரவு எட்டுக்குப் பிறகு இந்த வேலை.
மெழுகு சுரண்டும் கத்தியே போதும்
சிறகின் பிசிறு எடுக்க.
பசை இரண்டு சொட்டு,
மறுகா விரலால் பிடித்தபடி முந்நூறு வரை எண்ணவேண்டும்.
முன்பும் எண்ணியிருக்கிறேன்,
அது சுற்றி வருவதற்கும் தாழ்வதற்கும் இடையில்.
அப்போது பதினேழுக்கு மேல் போனதில்லை.

காகிதத்தில் மூன்று நாடுகள், மூன்று நிறத்திட்டம்.
எங்கள் வானத்தில் வந்தது அதில் இல்லை.
சியாமாசெட்டி என்றோம் அதை.
பெட்டியில் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள்;
வாசித்தால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது.

வயிற்றின் நிறம் எனக்குத் தெரியும்.
வெளிர்நீலம்.
"சாம்பல் புள்ள, சாம்பல்" என்கிறார் றூபன் அண்ணன்,
அச்சு ஊற்றிய கையைக் கழுவாமலே வந்து நின்று.
அவர் வாழைச்சேனையில் பார்த்தவர், பொழுதுபடும் நேரம்.
நான் படுவான்கரையில், உச்சிவெயில்.
அரை மணித்தியாலம் வாக்குவாதம்.
கடைசியில் நீலத்துக்குள் ஒரு சொட்டுச் சாம்பல் விட்டேன்.
இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

முதுகுதான் சிக்கல்.
அதன் முதுகை நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

கைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து
வவுணதீவு தாண்டி ஊரைத் தேடினேன்.
வெட்டின வயலின் மங்கல் மஞ்சள்,
குளக்கட்டில் கரும்பச்சை,
வண்டிப்பாதையின் செம்மண்.
எங்கள் வளவு ஒரு நகக்கண் அளவு.
மேலேயிருந்து பார்ப்பவனுக்கு
விமானமும் ஊராய்த் தெரியட்டும் என்றுதான்
இந்த நிறங்களைப் பூசுவார்களாம்.
பூசினேன், மூன்று பூச்சு.
கச்சான் காற்றில் சட்டென்று காய்ந்து,
வாழைகள் நிற்கவேண்டிய இடத்தில்
தூசி ஒட்டிக்கொண்டது.
அதையும் விட்டுவிட்டேன்.

கொடித் தாளைத் தண்ணீரில் ஊறவைத்தால்
படம் வழுக்கிக் கழலும்.
மூன்று நாட்டுக் கொடிகளும்
தேத்தண்ணிக் கோப்பையில் மிதந்தன.
ஒன்றையும் ஒட்டவில்லை.

ஓட்டிகள் இரண்டு பேர். பயறு அளவு தலை.
முகத்துக்கு என்ன நிறம்?
கபிலத்தில் வெள்ளை கலந்து
என் மணிக்கட்டில் தடவிப் பார்த்தேன்.
எங்கே தடவினேன் என்று பிறகு தெரியவில்லை.
உதட்டுக்கு,
முரசுக்குக் கலக்கும் றோஸ், ஊசிமுனையால்.

சில்லுக்கு இரண்டு தெரிவு: மடக்கியது, இறக்கியது.
சில்லோடு அதை நான் கண்டதேயில்லை.
எங்கேயோ ஓர் ஓடுபாதையில் இறங்கி,
இவர்கள் கண்ணாடியைத் திறந்து
சோம்பல் முறித்து
யாரிடமாவது பிளேன்டீ கேட்டிருப்பார்கள் என்பதை
ஐந்து மில்லிமீற்றர் சில்லை ஒட்டும்போதுதான் யோசித்தேன்.
இறக்கியே ஒட்டினேன்.

சட்டத்தில் மிச்சம் இரண்டு குண்டு,
இலக்கம் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
"பூட்டல்லையா?" என்றார் றூபன் அண்ணன்.
அவருக்கு எல்லாம் கணக்காக இருக்கவேண்டும்.
வெட்டி எடுக்கவுமில்லை, எறியவுமில்லை.
சட்டத்தோடு லாச்சிக்குள் வைத்தேன்,
சொந்தக்காரர் வந்து எடுக்காத பல் செட்டுகளுக்குப் பக்கத்தில்.

காலையில் தெய்வநாயகத்தாருக்கு மேல் செட் கொடுக்கவேண்டும்.
மேசையில் இடம் எடுக்க
விமானத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.
வார்னிஷ் காயவில்லை.
வயிற்றில் என் கட்டைவிரல் ரேகை.